வணக்கத்துக்கு வணக்கம்

சென்னையின் மேற்குப் பகுதியில், பாடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவில் இருக்கிறது மண்ணூர்பேட்டை. பக்கத்திலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1964-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது அது.

தொழிற்பேட்டையில் வேலை தேடி, தமிழ்நாட்டின் பல ஊர்களில் இருந்து ஆட்கள் வந்தார்கள். இப்பொழுது பீகாரில் இருந்து வருகிறார்கள். ஒடிசாவில் இருந்து வருகிறார்கள். ஜார்க்கண்டு, அசாமில் இருந்தும் வருகிறார்கள்.

எல்லோரும் ஒரே தெருவில் குடியிருக்கிறார்கள். ஒரே கடையில் டீ குடிக்கிறார்கள். ஆனால், ஒருவரை ஒருவர் கண்டால் என்ன சொல்லுகிறார்கள்?

பெரும்பாலும் ஒன்றும் சொல்வது இல்லை!

ஊருக்கு ஒரு விதம்

மனிதனை மனிதன் கண்டால், ஏதாவது ஒரு மரியாதை செய்வது உலக வழக்கம்.

ஜப்பான்காரர் குனிந்து வணங்குவார். நியூசிலாந்தில் உள்ள மாவோரி மக்கள், மூக்கோடு மூக்கு வைத்து அழுத்துவார்கள். தாய்லாந்துக்காரர், தமிழரைப் போலவே கைகூப்புவார்.

சிங்களவர் "ஆயுபோவன்" என்பார்கள். "நீண்ட நாள் வாழ்க" என்று பொருள். முஸ்லிம்கள் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்பார்கள். "உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும்" என்று பொருள். ஜார்க்கண்டு பழங்குடி மக்கள் "ஜோகார்" என்பார்கள்.

"சாப்பிட்டாயா?" என்று கேட்பது சீனரின் பழைய வழக்கம். தமிழ்நாட்டுப் பாட்டியும் அதைத்தானே கேட்கிறாள்?

2020-ம் ஆண்டில் கொரோனா பரவியது. கைகுலுக்க உலகமே பயந்தது. அந்த ஆண்டு மார்ச் மாதம், பிரான்சு அதிபர் மக்ரோன், ஸ்பெயின் மன்னரைக் கைகூப்பி வரவேற்றார்!

விதம் பல. பொருள் ஒன்றுதான். "உங்களைப் பார்த்தேன். நீங்களும் மனிதர். நன்றாக இருங்கள்!"

ஒரு பக்கக் கும்பிடு

தமிழ்நாட்டில் ஒரு கெட்ட வழக்கம் இருந்தது. பண்ணையாரைக் கண்டால், ஏழை தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டவேண்டும். "கும்பிடுறேன் சாமி" என்று சொல்லவேண்டும். பண்ணையார் பதிலுக்குக் கும்பிடமாட்டார். தலையை அசைத்தாலே பெரிது!

அது வணக்கம் அல்ல. பயம்.

"வணக்கம்" என்ற சொல் அப்படிப்பட்டது அல்ல. 20-ம் நூற்றாண்டில் அது மேடை ஏறியது, ஊரெங்கும் பரவியது. கலெக்டரும் அதையே சொல்லுகிறார். கூலி வேலை செய்பவரும் அதையே சொல்லுகிறார். "வணக்கம்" என்றால், பதிலும் "வணக்கம்". கொடுத்தது அப்படியே திரும்பி வருகிறது. அதுதான் அதன் பெருமை!

"பையா" என்றால் யார்?

அந்தப் பெருமை வெளியூர்த் தொழிலாளிக்கு மட்டும் கிடையாதா?

அவருக்கு வயது நாற்பது இருக்கலாம். ஊரில் மனைவி, மக்கள் இருக்கலாம். இங்கே அவருக்குக் கிடைப்பது "டேய்!", "வா", "போ"தான்.

அவர் கடைக்காரரை "பையா" என்று கூப்பிடுகிறார். "என்னையா பையன் என்கிறான்?" என்று கடைக்காரருக்குக் கோபம் வரும். ஆனால், இந்தியில் "பையா" என்றால் அண்ணன்! மரியாதையாகத்தான் கூப்பிட்டு இருக்கிறார்.

இங்கே உள்ளவர்களும் அவரை "பையா" என்கிறார்கள். அண்ணன் என்று நினைத்தா சொல்லுகிறார்கள்?

தமிழரும் பிழைக்கப் போனவர்கள்தான். மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் போனார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்குப் பெயர் இல்லை. "கூலி" என்றே அழைத்தார்கள். அந்தச் சொல் எப்படிச் சுட்டது என்பதை, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்னும் மறக்கவில்லை.

அதே சூட்டை, பிழைக்க வந்த இன்னொருவருக்குப் போடலாமா?

காசு செலவு இல்லை

பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்தவரைக் கண்டால், "வாங்க" என்று சொல்லுங்கள். "வணக்கம்" என்று சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். அவருடைய ஊரில் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மொழி தெரியாவிட்டால் குற்றம் இல்லை. கைகூப்பினால் போதும். புன்சிரிப்புக்கு மொழி வேண்டாம்.

யார் முதலில் சொல்வது என்று கேட்பீர்கள்.

யார் முதலில் பார்த்தாரோ, அவர் சொல்லட்டும்!