எங்களுக்குப் பனி வேண்டாம், கடலைத் திருப்பித் தாங்க

"நீ அலையா, பனியா?" இப்போது சுற்றிக்கொண்டிருக்கும் கேள்வி இதுதான். ஒருபக்கம் கடற்கரைக் குடில், கையிடுக்கில் சேர்ஃப் பலகை, உப்பேறின தலைமுடி. மறுபக்கம் வெள்ளை மலை, பெரிய கண்ணாடி, காலில் இரண்டு நீளப் பலகை. இதில் எது உன் வாழ்க்கை என்று தெரிவு செய்யச் சொல்கிறார்கள். ரீல்ஸில் ஒருதரம் நின்று பார்த்துவிட்டால் அடுத்த ஒரு கிழமைக்கு அதுவேதான் வந்துகொண்டிருக்கும். தமிழில் இரண்டுக்கும் ஒரே வால்: அலைச்சறுக்கு, பனிச்சறுக்கு.

கேள்வியே பிழை என்று சொல்லித் தப்பிக்கொள்வது கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்குச் சுகமான வேலை. நாங்கள் அதைச் செய்யப்போவதில்லை. பதில் சொல்கிறோம்: அலை. சந்தேகமே இல்லாமல் அலை. ஆனால் புதுக்கடையில் இருந்துகொண்டு அலை என்று சொன்னால் சிரிக்கிறார்களே, அந்தச் சிரிப்போடுதான் எங்களுக்குச் சண்டை.

புதுக்கடை தெரியாதவர்களுக்கு: இலங்கையின் உயர் நீதிமன்றம் இங்கேதான் இருக்கிறது. கறுப்புக் கோட்டுகள், தட்டச்சுக் கடைகள், ஃபோட்டோ கொப்பிக் கடைகள், வழக்குக்கு வந்து வெயிலில் காத்துக் கிடக்கும் சனம், அதற்குப் பின்னால் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும் எங்கள் தோட்டத்து வீடுகள். வரைபடத்தை விரித்துப் பார்த்தால் கடல் நடந்துபோகும் தூரம். மொட்டைமாடியில் ஏறினால் தெரிவது துறைமுகத்துக் கிரேன்கள். கடல் எங்கள் தெருவுக்கு வழக்காக வேண்டுமானால் வரும். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கி, கரையெல்லாம் பிளாஸ்டிக் மணி கொட்டியது ஞாபகம் இருக்கும். அதற்கு 100 கோடி டொலர் நட்டஈடு கட்டச் சொல்லி 2025 ஜூலையில் தீர்ப்பு வந்தது இதே தெருவில்தான். கடலைப் பற்றி இவ்வளவு பெரிய தீர்ப்பு வந்த தெருவில் கடலில் இறங்கத் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர்? எங்கள் குழுவில் பாதிக்கு மேல் நீந்தத் தெரியாது. தீவில் பிறந்து, தலைநகரில் வளர்ந்து, இருபது வயது கடந்தும் இதுதான் நிலை.

முதலில் பனியைப் பார்ப்போம்.

எங்களில் யாருக்குத்தான் சுவிஸில் ஒரு மச்சானோ மச்சாளோ இல்லை? அந்த நாட்டில் சுமார் 50,000 தமிழர் இருக்கிறார்கள். எண்பதுகளில் அகதியாய்ப் போய் உணவகக் குசினிகளில் பாத்திரம் கழுவத் தொடங்கியவர்களின் பிள்ளைகள் இன்று பனியில் சறுக்கி வீடியோ போடுகிறார்கள். நாங்கள் கொட்டாஞ்சேனை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு அதற்கு ஹார்ட் போடுகிறோம். பொறாமை இருக்கிறது, மறைக்க மாட்டோம். ஆனால் எதன்மேல் பொறாமை என்று கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேணும். அந்தப் பிள்ளைகளில் பலர் பனிச்சறுக்குப் பழகியது அப்பாவின் காசில் இல்லை. பாடசாலை முகாமில். 2017 டிசம்பரில் சுவிஸ் கூட்டாட்சி நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது: பிள்ளை கட்டாயம் போகவேண்டிய பாடசாலை முகாம் என்றால் பெற்றோரிடம் சாப்பாட்டுச் செலவை மட்டும்தான் வாங்கலாம், அதுவும் நாளொன்றுக்கு 10 முதல் 16 ஃபிராங்க் வரைதான். ஊரில் மலை இருக்கிறது, ஆகவே ஊர்ப் பிள்ளைக்கு மலையில் சறுக்கத் தெரிய வேணும், காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் தெரிய வேணும் என்று ஒரு சமூகம் நினைத்திருக்கிறது. எங்களுக்கு வேண்டியது அந்த நினைப்பு. பனியை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

வைத்துக்கொள்ளப் பனி மிஞ்சுமா என்பது வேறு கதை. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் கிட்டத்தட்ட முழுக்கச் செயற்கைப் பனியில்தான் நடந்தது. துபாயில் ஷொப்பிங் மோலுக்குள்ளேயே 2005இலிருந்து பனிமலை இருக்கிறது. எங்கள் பக்கத்து வீடுகளில் இருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்களுக்கு மிகக் கிட்டவுள்ள பனி அதுதான். வெளியே நாற்பது பாகைச் சூடு, உள்ளே குளிரூட்டிப் பனி, துடைக்க எங்கள் அக்காமார். இதைத்தான் கனவு என்று விற்கிறார்கள்.

"அப்ப நுவரெலியா?" என்று கேட்பவர்களும் உண்டு. பனிமலை இல்லாவிட்டாலும் குளிர்மலை இருக்கிறதே, ஏப்ரலில் போய் ஸ்வெட்டர் போட்டுப் படம் பிடிக்கலாமே என்று. அந்தக் குளிரை வெள்ளைக்காரன் தனக்காக எடுத்துக்கொண்டு, கொழுந்து பறிக்கக் கொண்டுவந்தவர்களை லயத்துக்குள் அடைத்தான். எங்கள் குழுவில் மூன்று பேருடைய பாட்டிமார் இன்னும் அங்கே லயத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு மலை ஒரு 'வைப்' இல்லை. இதற்குமேல் இதில் பேச ஒன்றுமில்லை.

கடலுக்கு வருவோம். இங்கேதான் எங்கள் சொந்த ஆட்களோடும் மோத வேண்டியிருக்கிறது. "சேர்ஃபிங் எல்லாம் வெள்ளைக்காரன்ட வேலை தம்பி, எங்கட சனத்துக்கு எவ்வளவு பிரச்சினை கிடக்கு" என்று அரசியல் பேசும் அண்ணாமார் சொல்கிறார்கள். அண்ணாமார் மன்னிக்க வேணும், இது வரலாறு தெரியாத பேச்சு. அலைமேல் பலகை போட்டு நின்றவர்கள் ஹவாய்த் தீவின் பழங்குடிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே போன மிஷனரிமார் அதைச் சோம்பேறித்தனம், வெட்கக்கேடு என்று சொல்லி அமுக்கினார்கள். அதை மீண்டும் உலகத்துக்குக் கொண்டுபோனவர் டியூக் கஹானமோக்கு, அந்த மண்ணின் மகன், 1912 ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்றவர். எங்கள் பக்கத்தில், இரண்டு மூன்று மரத்தைக் கட்டி அலையை உடைத்துப் போய்த் திரும்ப அலையிலேயே ஏறிக் கரைக்கு வந்தவன் யார்? 'கட்டுமரம்' என்ற சொல்லை ஆங்கிலக்காரன் எங்களிடம் இருந்துதானே எடுத்தான்? சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் சேர்ஃப் பாடசாலை தொடங்கியவர் மூர்த்தி மேகவன் என்ற மீனவர். அங்கே பலகையில் ஏறி நிற்கும் பொடியன்கள் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். அறுகம்பையில் பெரிய அலையில் இலேசாக நிற்கும் ஆட்களைப் பாருங்கள், அவர்களில் பலருடைய அப்பாக்கள் இன்னமும் வலை இழுக்கிறார்கள். அலையை அவர்களுக்கு ஆஸ்திரேலியாக்காரன் அறிமுகம் செய்துவைக்கவில்லை. அவன் கொண்டுவந்தது பலகையைத்தான்.

அறுகம்பையைப் பற்றி இன்னும் சொல்ல வேணும். பொத்துவிலுக்குப் பக்கத்தில், முஸ்லிம், தமிழ், சிங்களம் என மூன்று சனமும் இருக்கிற மீன்பிடி ஊர். ஏப்ரல் கடைசியிலிருந்து ஒக்டோபர் வரைக்கும் அங்கே அலை வரும். மற்ற மாதங்களில் வெலிகம, ஹிக்கடுவைப் பக்கம் வரும். வருஷம் முழுக்க எங்காவது ஓர் அலை இருக்கிற நாடு இது.

2004 டிசம்பர் 26 சுனாமி அந்த ஊரைத் துடைத்துப் போட்டது. அதன்பின் அரசாங்கம் ஒரு கோடு போட்டது. தெற்கிலும் மேற்கிலும் கரையிலிருந்து 100 மீற்றருக்குள், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது. பாதுகாப்புக்காகவாம். ஆனால் சுற்றுலா ஹொட்டலுக்கு அந்தக் கோடு பொருந்தவில்லை. அலை மீனவனை மட்டும்தான் அடிக்கும், ஹொட்டலை அடிக்காது என்று யாரோ அலையிடம் பேசிவைத்திருந்தார்கள் போல. அறுகம்பைக்கென்றே ஓர் அபிவிருத்தித் திட்டமும் வந்தது. அதில் கடல்விமானம் வந்து நிற்க இடமிருந்தது, ஹெலிகொப்டர் இறங்க இடமிருந்தது. மீனவக் குடும்பத்துக்கு உள்நாட்டுப் பக்கம் எங்கோ ஒரு காணி. ஊர் எதிர்த்தது, கோடு பிறகு தளர்ந்தது. நவோமி க்ளைன் 2007இல் எழுதிய 'அதிர்ச்சிக் கோட்பாடு' நூலில் இதற்கென்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. கம்பஸ் நூலகத்தில் தேடிப் பாருங்கள்.

அங்கிருந்து தெற்கே போனால் பாணம. பெரும்பாலும் சிங்களம் பேசும் சனம். 2010 ஜூலையில் ராகம்வெலவில் இரவில் ஆயுதத்தோடு வந்தவர்கள் குடிசைகளை எரித்து ஆட்களைத் துரத்தினார்கள். பிறகு அந்தப் பக்கத்து நிலங்களில் படைமுகாம் வந்தது, கடற்படை நடத்தும் விடுதியும் வந்தது. 2015 பெப்ரவரியில் 340 ஏக்கரைத் திருப்பித் தர அமைச்சரவை முடிவெடுத்தது. முடிவு காகிதத்திலேயே கிடக்க, 2016இல் சில குடும்பங்கள் தாங்களாகவே உள்ளே போய்க் குந்திவிட்டன. காங்கேசன்துறையில் இராணுவம் நடத்தும் ஹொட்டலைப் பற்றிக் கோபமாக எழுதுகிற நாங்கள் பாணமையைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறோமா? கடற்கரையைப் பிடுங்குகிறவனுக்கு அங்கே இருப்பவன் என்ன மொழி பேசுகிறான் என்பது பெரிய விஷயமில்லை.

தென்கரையில் வேறொரு விதமான பிடுங்கல். 2024 பெப்ரவரியில் உனவட்டுனவில் 'வெள்ளைப் பார்ட்டி' ஒன்றுக்கு விளம்பரம் வந்தது. உடுப்பும் வெள்ளை, வாசலில் பார்க்கும் முகமும் வெள்ளை. நாடு கொதித்ததும் நிறுத்தினார்கள். அந்த ஒன்று விளம்பரம் போட்டதால் மாட்டிக்கொண்டது. விளம்பரம் போடாதவை எத்தனையோ. போன வருஷம் எங்களில் நாலுபேர் தென்கரையில் ஒரு கடைக்குப் போய்ப் பலகை வாடகைக்குக் கேட்டோம். முடிந்துவிட்டது என்றான். பின்னால் வந்த சோடிக்கு எடுத்துக் கொடுத்தான். அவன் எங்களைவிடக் கறுப்பு. அதுதான் எங்களுக்கு அதிகம் வலித்தது.

கறுப்பு என்றதும் பெண்களின் கதை வருகிறது. 2018இல் அறுகம்பையில் பெண்களுக்கென்றே ஒரு சேர்ஃப் கிளப் தொடங்கினார்கள், நாட்டிலேயே முதலாவது. கல்யாணம் கட்டினவர்கள், பிள்ளை பெற்றவர்கள், கிராமத்துப் பெண்கள் விடிகாலையில் பலகையோடு கடலுக்குள் போகிறார்கள். எங்கள் வீடுகளில் பெண்பிள்ளை காலிமுகத்திடலில் முழங்கால் நனைய நின்றாலே "கறுத்துப்போவாய், வா இங்கால" என்று கூப்பிடுகிறார்கள். எங்கள் தோழி ஒருத்தி நீச்சல் பழகக் கேட்டதற்கு அவளுடைய அம்மா, "கல்யாணத்துக்குப் பிறகு புருஷனோட போய்ப் பழகு" என்றிருக்கிறா. இதே அம்மா கனடாவில் இருக்கும் மருமகள் பனியில் நிற்கும் படத்தை எல்லோருக்கும் காட்டுகிறா. பனி தோலை வெளுக்கவைக்கும் என்று நினைக்கிறாவோ தெரியவில்லை.

ஆகவே எங்களைப் பொறுத்தவரை, அலை என்று சொல்வது விடுமுறைத் திட்டம் இல்லை. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் உயர்நீர்க் கோட்டிலிருந்து உள்ளே 300 மீற்றர், கடலுக்குள் 2 கிலோமீற்றர் என்று கரையோர வலயத்தை அளந்து வைத்திருக்கிறது. சட்டத்தில் அவ்வளவு அளவாக இருக்கிற கடல் எங்களுக்கு எங்கே இருக்கிறது? வெள்ளவத்தையில் தண்டவாளத்தைத் தாண்டிக் கற்களில் ஏறி எட்டிப் பார்க்கிறோம். காலிமுகத்தில் இஸோ வடை சாப்பிட்டுக்கொண்டு பார்க்கிறோம். கடலை நிரப்பி 269 ஹெக்டயரில் எழுப்பிய போர்ட் சிட்டியில், மனிதர் கொட்டிய மணலில் நின்று பார்க்கிறோம். பார்ப்பதோடு முடிகிறது.

கேட்க வேண்டியது சின்ன விஷயம்தான். கொழும்பில் உள்ள ஒவ்வொரு தமிழ்மொழிப் பாடசாலையிலும் பத்தாம் ஆண்டுக்குள் பிள்ளைக்கு நீந்தத் தெரிந்திருக்க வேணும், பெண்பிள்ளைக்கும்தான். கிரிக்கெட்டுக்கு அடிக்கிற டீ-சேர்ட் காசில் பாதி இதற்குப் போதும். பழைய மாணவர் சங்கங்கள் வருஷாவருஷம் ஹொட்டலில் போடுகிற டின்னரைப் பற்றி நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னால் அப்பாமார் கோபிப்பார்கள். ஆனால் ஒரு டின்னரை நிறுத்திப் பத்துப் பிள்ளைகளைக் குளத்தில் இறக்கலாம். அப்பாமாரும் வந்து குளத்தடியில் குந்தலாம்.

பனிமலைக்கு விசா வேணும், வங்கிக் கணக்கு வேணும், ஸ்பொன்சர் கடிதம் வேணும். பொத்துவிலுக்குப் புறக்கோட்டையில் இரவு பஸ் ஏறினால் காலையில் போய்ச் சேரலாம். அங்கே பேபி பொயின்ட் என்று ஓர் இடம் இருக்கிறது, புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஏற்ற சின்ன அலை. இந்தப் பருவம் முடியமுதல் நாங்கள் போகிறோம். நீந்தத் தெரியாதவர்கள் இப்போதே பழகத் தொடங்குங்கள், அலைக்குள் கொண்டுபோய்ச் சொல்லித்தர எங்களிடம் ஆள் இல்லை.