மறைத் திணிவு மேலே பறக்காது

ஒரு பொருளின் திணிவு பூச்சியத்தை விடக் குறைவாக, அதாவது மறைப் பெறுமானமாக இருந்தால், கையிலிருந்து விட்டதும் எங்கே போகும்? எங்கட கலைப்பீடத்துக்குள் கேட்டால் முக்கால்வாசிப் பேர் "மேல போகும்" என்போம். இல்லை, கீழேதான் விழும்.

நியூட்டனின் இரண்டு விதிகளும் 'சய தர சய சக' என்ற கணக்கும் இதற்குக் காணும். ஈர்ப்பு விசை இரு திணிவுகளின் பெருக்கத்தில் தங்கியிருக்கிறது. அதில் ஒன்று மறையானால் விசை திசைமாறி, பூமி அந்தப் பொருளை மேலே தள்ளும். நாங்கள் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறோம். ஆனால் விசை என்பது திணிவு தர ஆர்முடுகல். திணிவு மறை என்றால் பொருள் விசைக்கு எதிர்த்திசையில்தான் போகும். மேலே தள்ளத் தள்ளக் கீழே வரும்.

இதைவிடப் பெரிய கூத்து, 1957இல் ஹேர்மன் பொண்டி எழுதிய ஆய்வுக்கட்டுரையில் இருக்கிறது. சம அளவான நேர்த் திணிவையும் மறைத் திணிவையும் பக்கத்தில் வைத்தால் நேர் விலகி ஓடும், மறை அதைத் துரத்தும். யாரும் தள்ளாமலே இரண்டின் வேகமும் கூடிக்கொண்டே போகும். சக்திக் காப்பு விதியும் உடையாது. ஏனெனில் இரண்டின் சக்தியையும் கூட்டினால் எப்பவும் பூச்சியம்தான்.

இப்படியொரு பொருளை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. எதிர்ப்பொருளை இதோடு குழப்பவும் கூடாது. எதிர் ஐதரசனும் கீழேதான் விழுகிறது என்று 2023இல் சேர்ன் ஆய்வுகூடம் காட்டிவிட்டது.

அப்படியென்றால் 2017இல் "மறைத் திணிவை உருவாக்கிவிட்டார்கள்" என்று வந்த செய்தி? வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் லேசர் கொண்டு, மிகக் குளிரான ருபீடியம் அணுக்களை, தள்ளினால் எதிர்த்திசையில் ஆர்முடுகுவதுபோல நடக்க வைத்தார்கள். அது 'பயனுறு' மறைத் திணிவு. அணுக்களின் உண்மையான திணிவு நேராகவே இருந்தது. பல தலைப்புகளில் அந்த அடைமொழி காணாமல் போனது.

எங்கட கருத்து இதுதான்: அடைமொழி எங்கே விழுந்தது என்று பார்ப்பது கலைப்பீடத்தின் வேலை. கவிதையில் ஒரு சொல்லுக்காக மணித்தியாலக் கணக்கில் சண்டை பிடிக்கிற நாங்கள், விஞ்ஞானச் செய்தி என்றதும் "அது சயன்ஸ் ஆக்கள் பாக்கட்டும்" என்று விட்டுவிட்டு ஷெயார் பண்ணுகிறோம். எந்தத் திணிவு, யார் அளந்தது, எந்தச் சொல் விடுபட்டது என்று கேட்க உயர்தரத்தில் பௌதிகவியல் படித்திருக்கத் தேவையில்லை. கேட்டுவிட்டு ஷெயார் பண்ணுவோம்.