ஸ்டான்லி வளாகத்துக்கு ஒரு தலைமைக் கட்டடக் கலைஞர் வேண்டும்

தமிழ்நாடு பொதுப்பணித்துறைச் செயலாளர் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ராயபுரம் பழைய சிறைச்சாலைச் சாலையில் உள்ள ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி வளாகம் ஒரே திட்டத்தில் உருவானதன்று. 1782-ல் பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்களுக்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரமே அதன் தொடக்கம். வடசென்னை மக்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று அழைத்து வந்தது அதனால்தான். சத்திரத்தை ஒட்டி மருத்துவமனையும் பிறகு மருத்துவப் பள்ளியும் வளர்ந்தன. 1934-ல் ஆளுநர் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டான்லியின் பெயர் சூட்டப்பட்டது. 1938-ல் பள்ளி கல்லூரியானது.

இப்படிப் படிப்படியாக வளரும் வளாகத்தில் ஒவ்வொரு கட்டடமும் தன் காலத்துத் தேவைக்கும் நிதிக்கும் ஏற்ப எழும்புகிறது. ஒன்றுக்கு மாநில நிதி, மற்றொன்றுக்கு ஒன்றிய அரசுத் திட்டம். மதிப்பீடு, டெண்டர், ஒப்பந்ததாரர் எல்லாம் தனித்தனி. ஒவ்வொரு வேலையும் விதிப்படி முடியலாம். முழு வளாகமும் எப்படி அமைய வேண்டும் என்ற கேள்வி மட்டும் எந்தக் கோப்பிலும் இடம்பெறாது.

அந்தக் கேள்விக்கு ஒருவரைப் பொறுப்பாக்குவது சென்னைக்குப் புதிதல்ல. மாநிலக் கல்லூரியையும், 1874 முதல் 1879 வரை கட்டப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகச் செனட் இல்லத்தையும் ராபர்ட் சிஷோம் வடிவமைத்தார். முன்னது இத்தாலியப் பாணி, பின்னது இந்தோ சாரசெனிக் பாணி. பாணி வேறானாலும் சேப்பாக்கக் கடற்கரைச் சாலைக்கு இரண்டும் பொருந்தி நிற்கின்றன. வெளிநாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 1907-ல் ரால்ஃப் ஆடம்ஸ் கிராம் என்பவரை மேற்பார்வைக் கட்டடக் கலைஞராக நியமித்தது. 1929 வரை அப்பொறுப்பில் இருந்த அவர், பிறர் வரைந்த திட்டங்களையும் வளாகத்தோடு பொருத்திப் பார்த்தார்.

அத்தகைய பொறுப்பாளரின் முதல் வேலை கணக்கெடுப்பு. கட்டடங்களை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: அப்படியே காக்க வேண்டியவை, உள்ளே மாற்றிப் பயன்படுத்தக் கூடியவை, இடித்துப் புதிதாகக் கட்டத் தக்கவை. அடுத்தது எழுத்து வடிவிலான விதிகள். உயரம், வெளிச்சுவர் நிறம், சன்ஷேடு, மரங்கள், குழாய்களும் கேபிள்களும் செல்லும் பாதை, ஏ.சி. பெட்டிகளுக்கான இடம் ஆகியவற்றை அவை வரையறுக்கும். மூன்றாவது, அவர் ஒப்புதலின்றி எந்த மதிப்பீடும் டெண்டருக்குப் போகாத நடைமுறை.

பழுதுபார்ப்பும் இதில் அடங்கும். பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையில் தேக்குச் சட்டங்களின்மேல் மெல்லிய செங்கற்களை மூலைவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் பதிப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து இறுக்குவார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே தங்கி, பூச்சு உப்பி உதிரும். புதிய கான்கிரீட்டுக்கோ துறைமுகப் பகுதியின் உப்புக்காற்று பகை. கம்பி துருப்பிடித்துப் பருத்து மேல்மூடலைப் பிளக்கும். இரண்டுக்கும் ஒரே மதிப்பீட்டுப் பட்டியல் பொருந்தாது.

ஒருமைப்பாடு அழகுக்காக மட்டுமன்று. எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் நோயாளியை ஆட்டோவில் கொண்டுவரும் குடும்பத்துக்கு அது வழிகாட்டி. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு எங்கும் ஒரே நிறம், பெயர்ப்பலகை ஒரே உயரத்தில், பெரிய தமிழ் எழுத்தில், வாசலிலிருந்து தொடரும் சாய்தளம் என்று அமைந்தால், எழுதப் படிக்கத் தெரியாதவரும் நிறத்தைப் பார்த்தே வழி கண்டுகொள்வார். ஒவ்வொரு பிளாக்கும் தன் போக்கில் பலகை மாட்டினால் வழி கேட்டு அலைய வேண்டியதுதான்.

விதிகள் விரிவாக்கத்துக்குத் தடையாகிவிடக் கூடாது. படுக்கைகளும் ஆய்வகங்களும் பெருகியே ஆக வேண்டும். பழைய பாணியைப் போலி செய்யும் வளைவுகளும் தேவையில்லை. புதிய கட்டடம் தன் காலத்தின் வடிவில் இருக்கலாம். உயரத்திலும் நிறத்திலும் பக்கத்துக் கட்டடத்தோடு இசைந்தால் போதும்.

சற்றுத் தொலைவிலுள்ள, 1856-ல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையம் சீரமைக்கப்பட்டு இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. மரபுக் கட்டடங்களைக் காக்க 2012-ல் இயற்றப்பட்ட மரபு ஆணையச் சட்டமும் மாநிலத்தில் உண்டு. ஆகவே ஸ்டான்லி வளாகத்துக்கு நிரந்தரப் பொறுப்பில் ஒரு கட்டடக் கலைஞரைத் துறை நியமிக்க வேண்டும். அவர் வகுக்கும் விதிகளைக் கல்லூரியின் அறிவிப்புப் பலகையில் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அடுத்த கட்டடத்துக்கான டெண்டருக்கு முன்பே இது நடக்க வேண்டும்.