தரம் பிரிக்கும் யந்திரமும் பழகிய கண்ணும்

விளைபொருளைப் படமெடுத்துத் தரம் பிரிக்கும் யந்திரங்களைப் பற்றி விவசாயிகள் இப்பொழுது அடிக்கடி கேள்வியுறுகிறார்கள். அவற்றிற்கு முதல் போடுமுன் ஜப்பான் தேசத்து அனுபவம் ஒன்றை ஆலோசிப்பது நலம்.

அங்கு மகோட்டோ கொய்க்கே என்பவருடைய குடும்பத்தார் வெள்ளரி சாகுபடி செய்பவர்கள். நிறம், வளைவு, பருமன் முதலியவற்றைக் கொண்டு காய்களை ஒன்பது தரங்களாகப் பிரிப்பது தாயாரின் வேலை. காய்ப்பு மிகுந்த காலத்தில் அதற்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வரை செல்லும். இச்சிரமத்தைக் குறைக்க எண்ணிய மகன், 2016-ஆம் வருஷத்தில், ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கம்ப்யூட்டர் பலகையுடன் காமிராவை இணைத்து ஒரு யந்திரம் அமைத்தார். தாயார் பிரித்த காய்களின் சுமார் 7,000 படங்களே அதற்குப் பாடமாயின. எதிரில் இருப்பது வெள்ளரிதானா என்பதைப் பலகை அறியும். தர நிர்ணயமோ வேறொரு பெரிய கம்ப்யூட்டரில் நடைபெறும்.

பரீட்சையில் நூற்றுக்கு 95-க்கு மேல் சரியாய்ச் சொன்ன அவ்வேற்பாடு, நேர் உபயோகத்தில் சுமார் 70 அளவே சரியாய்ச் சொல்லிற்று. நூறு காயில் முப்பது தரம் தவறினால், நஷ்டம் குடியானவருடையதேயன்றி யந்திரம் விற்றவருடையதன்று.

ஆகையால் நமது அபிப்பிராயம் யாதெனில், இத்தகைய சாதனம் வீண் அன்று. ஆயினும் விற்பவர் காட்டும் எண்ணை நம்பி வாங்கலாகாது. தம் நிலத்துக் காயைத் தம் எதிரிலேயே பிரித்துக் காட்டும்படி கேட்டல் வேண்டும். கிராம அதிகாரிகளும் இதனை வற்புறுத்துவார்களாக. யந்திரத்திற்கு ஆசான் அத்தாயாரின் கண்ணே. பழகிய கையாட்களை அவசரப்பட்டு நீக்கிவிட்டால், பின்னர் அதன் பிழையைத் திருத்துவோர் இரார்.