விரல் விறைத்தால் பிரேக் ஏது?

மார்கழி மாதத்து விடியற்காலையில் பெங்களூர் பிரேசர் டவுன் மாஸ்க் ரோட்டிலும் கோல்ஸ் ரோட்டிலும் போகிற இருசக்கர வண்டிகளைச் சற்றே கவனித்துப் பாருங்கள். பால் பாக்கெட் கொண்டுபோகிறவர், பேப்பர் போடுகிறவர், டெலிவரிக்காரர் என எல்லோர் தலையிலும் ஏதோ ஒரு ஹெல்மெட் இருக்கும், உடம்பில் ஜெர்கின் இருக்கும். கைதான் பெரும்பாலும் வெறுங்கை. போலீஸ் பார்ப்பதை மாட்டிக்கொள்கிறோம், பார்க்காததை விட்டுவிடுகிறோம். வண்டி ஓட்டுகிறவரின் கைக்குளிரை ஊர் ஒரு சின்ன அசௌகரியமாகவே எடுத்துக்கொள்கிறது. உண்மையில் அது பிரேக் சம்பந்தப்பட்ட விஷயம். கையைக் காக்கிற செலவு டெலிவரி வேலையில் ஓட்டுகிறவர் தலையில் விழுவதும் நியாயமில்லை.

‘பெங்களூரில் அப்படி என்ன குளிர்?’ என்று கேட்பவர்கள் உண்டு, டெல்லியிலிருந்து வந்தவர்கள் சிரிக்கவும் செய்வார்கள். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிற இந்த ஊரில் ஜனவரியின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலை 15, 16 டிகிரிதான். 1884 ஜனவரி 13 அன்று 7.8 டிகிரிக்கு இறங்கியதே இன்றுவரை சாதனை. ஆனால் அந்த எண்கள் நிற்கிறவனுக்கானவை, ஓட்டுகிறவன் காற்றைத் தானே உண்டாக்கிக்கொண்டு போகிறான். காற்று எவ்வளவு சூட்டைப் பறிக்கிறது என்பதை பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இரு அமெரிக்கர்கள் அண்டார்டிகாவில் ஒரு குடுவைத் தண்ணீர் உறைய எத்தனை நேரம் ஆகிறது என்று பார்த்துக் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கு 2001இல் திருத்தப்பட்டது. திருத்திய சூத்திரத்தின்படி 10 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று பட்டால் தோலுக்கு அது 6 டிகிரி போல இருக்கும். பத்து டிகிரிக்கு மேல் அந்தச் சூத்திரம் செல்லாது என்பதால் நம் ஊர்க் காலைக்கு அதை அப்படியே போட முடியாது. இங்கே யாருக்கும் விரல் உறைந்து கருகப்போவதும் இல்லை. ஆனால் விரல் மரத்துப்போக அவ்வளவு குளிர் தேவையில்லை.

விரலில் சொல்லிக்கொள்ளும்படி தசை கிடையாது. அதை மடக்கி நீட்டுகிற தசைகளில் பெரும்பாலானவை முழங்கைக்குக் கீழே இருந்துகொண்டு கயிறுபோன்ற நாண்களால் விரலை இழுக்கின்றன. குளிர் பட்டதும் உடம்பு நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்ற முதலில் விரல்களின் ரத்தக் குழாய்களைத்தான் சுருக்குகிறது. விரல் தோலின் சூடு 20 டிகிரிக்குக் கீழே போகப்போக நுட்பமான அசைவு தடுமாறத் தொடங்கும், 15ஐ நெருங்கினால் நன்றாகவே தெரியும். மார்கழி விடியலில் அரை மணி நேரம் வெறுங்கையோடு ஆக்சிலேட்டரைத் திருகிப் பிடித்திருப்பவர் அந்த எல்லைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார். தூறலில் கை நனைந்திருந்தால் கேட்கவே வேண்டாம். கியர் இல்லாத ஸ்கூட்டரில் கால் பிரேக் கிடையாது, இரண்டு பிரேக்கும் கையில். நாற்பதில் போகிற வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் ஓடும். விரல் மடங்க அரை விநாடி தாமதித்தால் ஐந்தரை மீட்டர் போய்விடும். விடியற்காலையில் தெருநாய் குறுக்கே வர அதில் பாதி தூரம் போதும். இன்னொன்று: பெட்ரோல் வண்டிக்காரர் சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் பக்கம் கையை நீட்டிக் கொஞ்சம் சூடேற்றிக்கொள்வார். டெலிவரிக்கு இப்போது பெருகிவரும் மின்சார ஸ்கூட்டரில் அந்த வசதியும் போயிற்று.

பனியிலேயே ஓடுகிற வண்டியைச் செய்கிறவர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். கனடாவின் பம்பார்டியர் 1959இல் ஸ்கி-டூவை விற்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த தொழில் அது. நம் குல்மார்க்கிலும் அவ்வகை வண்டிகள் சுற்றுலாப் பயணிகளோடு ஓடுகின்றன. இன்றைய மாடல்கள் பலவற்றில் கைப்பிடிக்கு மின்சூடு உண்டு, ஆக்சிலேட்டரை அழுத்துகிற கட்டைவிரலுக்கென்று தனிச்சூடும் உண்டு. அங்கே கை வண்டியின் ஒரு பாகம், அதைச் சூடாக வைப்பது தயாரிப்பாளர் வேலை.

நமக்கு மின்சூடெல்லாம் தேவையில்லை, காற்றைத் தடுத்தால் போதும். கம்பளிக் கிளவுஸ் கதகதப்பாகத் தோன்றினாலும் ஓடுகிற வண்டியில் காற்று அதற்குள் புகுந்து வெளியே வரும். தோலோ ரெக்சினோ மேலே இருக்க வேண்டும். இறுக்கமாக மாட்டினால் ரத்த ஓட்டம் குறைந்து பலன் தலைகீழாகும். டெல்லி, பஞ்சாப் பக்கம் ஹேண்டில் பாரின் மேல் பொருத்தி, உள்ளே கையை நுழைத்துக்கொள்ளும் உறைகளைச் சாதாரணமாகப் பார்க்கலாம். கழுத்தையும் நெஞ்சையும் மூடிக்கொண்டால் உடம்பே விரலுக்கு ரத்தத்தைத் திறந்துவிடும். விரலை இழுக்கிற தசைகள் இருக்கும் முன்கையையும் மூடவேண்டும். கம்பெனி பெயர் போட்ட அரைக்கை டி-ஷர்ட் அந்த வகையில் மோசமான யூனிபார்ம்.

கிளவுஸ் போட்டால் பிரேக் லீவரின் பிடி தெரியாது என்பது ஒரு ஆட்சேபம். தடித்த மலிவுச் சரக்குக்கு அது பொருந்தும், மெல்லிய தோலுக்குப் பொருந்தாது. மரத்த விரலுக்கு மட்டும் என்ன பிடி தெரியப்போகிறது? டெலிவரிக்காரர்கள் சொல்கிற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. கடைக்கு வந்ததும் ஒரு தட்டு, பொருளை வாங்கியதும் ஒரு தட்டு, வாசலில் ஓடிபி என்று ஒவ்வொரு ஆர்டருக்கும் போனைத் தொடவேண்டியிருக்கிறது. நான்கு தரம் கழற்றி மாட்டுகிறவர் ஐந்தாவது தரம் பைக்குள் போட்டுவிடுவார். தொடுதிரையில் வேலை செய்யும் விரல்நுனி வைத்த கிளவுஸ் சந்தையில் இருக்கிறது. ஆப்பில் பட்டனைப் பெரிதாக்குவதும் ராக்கெட் விஞ்ஞானம் அல்ல. ஆக, பிரச்சினையின் ஒரு பாதி ஆப்பை வடிவமைக்கிறவரின் மேஜையில் இருக்கிறது.

பிரான்ஸ் 2016 நவம்பரில் தரச்சான்று பெற்ற கிளவுஸை மோட்டார் சைக்கிள்காரர்களுக்குக் கட்டாயமாக்கி, மீறினால் அபராதம் என்றது. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு ஹெல்மெட்டோடு நிற்கிறது. அதில் கிளவுஸையும் சேர்க்கலாமா என்றால் வேண்டாம் என்பேன். ஹேன்ஸ் ரோடு முனையில் வண்டியை ஓரங்கட்டக் காக்கிச்சட்டைக்கு இன்னொரு காரணம் கிடைப்பதுதான் மிச்சமாகும். கட்டாயம் நிறுவனத்தின் மேல் இருக்கட்டும். ‘அவர்கள் ஊழியர்கள் அல்ல, பார்ட்னர்கள்’ என்ற பதில் வரும். கர்நாடகம் 2025இல் ஆப் வழி வேலை செய்கிறவர்களுக்காகக் கொண்டுவந்த கிக் தொழிலாளர் சட்டம் அந்தப் பதிலை ஓரளவு தாண்டிவிட்டது. ஒவ்வொரு வேலைக்கும் தொழிலாளிக்குத் தரும் தொகையில் 1 முதல் 5 சதவீதத்தை நிறுவனம் நல நிதிக்குக் கட்டவேண்டும், நல வாரியமும் உண்டு. அப்படியானால் அந்த நிதியிலிருந்தே கிளவுஸ் வாங்கலாமே என்று கேட்பார்கள். அது விபத்துக்கும் நோய்க்கும் முதுமைக்குமான பணம். சாப்பாடு ஆறாமல் இருக்க நிறுவனம் பையைத் தருகிறது, பெயர் தெரிய டி-ஷர்ட் தருகிறது. அந்தப் பட்டியலில் சில நூறு ரூபாய் கிளவுஸும் சேரவேண்டிய வியாபாரச் செலவுதான்.

இதற்கு நாளும் குறித்தாயிற்று. ரம்ஜான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்து வருகிறது. 2030இல் அது ஜனவரி முதல் வாரத்தில் தொடங்கும், அதே ஆண்டு டிசம்பர் கடைசியில் மறுபடியும் வரும். மாஸ்க் ரோட்டு ஹோட்டல்களிலிருந்து விடியலுக்கு முன் சாப்பிடும் சஹர் நேரத்து ஆர்டர்களை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் அப்போது ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவுகளில் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். வாரியம் நிறுவனங்களை உட்காரவைத்துப் பேச, அதற்கு முன் இன்னும் சில குளிர்காலங்கள் இருக்கின்றன.