கையெழுத்துப் போடும் முன் கேட்டீர்களா, சகோதரி?

நான் பத்தாம் வகுப்பு வரை படித்த சாதாரண இல்லத்தரசி. வயது முப்பத்தாறு. எங்கள் குடும்பத்தில் நடந்ததை எழுதினால் நாலு பேருக்காவது உதவுமே என்றுதான் இந்தக் கடிதம்.

அப்பா தவறிய பிறகு, 2022ல், அம்மாவின் கைக்கு வந்த பணத்தில் 2 லட்சம் ரூபாயை டெபாசிட் போட வங்கிக்குப் போனோம். அங்கே இருந்தவர் என் தம்பி வயதுப் பையன். "டெபாசிட்ல என்னம்மா கிடைக்குது? இதுல போடுங்க, இன்ஷூரன்ஸும் சேர்ந்து கிடைக்கும்" என்று அன்பாகப் பேசினார். காபி கூட வரவழைத்துக் கொடுத்தார். ஆங்கிலத்தில் இருந்த தாள்களில் பென்சிலால் புள்ளி வைத்துக் காட்ட, அம்மா கையெழுத்துப் போட்டார்.

பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். 'ஒரே தடவை கட்டினால் போதுமா, வருஷா வருஷம் கட்டணுமா?' என்ற கேள்வி வாய் வரைக்கும் வந்தது. 'இது கூடத் தெரியலையே' என்று நினைத்து விடுவாரோ என்ற வெட்கத்தில் கேட்கவில்லை.

மறு வருஷம் போன் வந்தது. இரண்டாவது பிரீமியம் 2 லட்சம் கட்டணுமாம்! மாதம் 9 ஆயிரம் குடும்பப் பென்ஷன் வாங்கும் அம்மா எங்கே போவார்? பீரோவில் பத்திரமாக வைத்திருந்த பாலிசியை எடுத்துப் பக்கத்து வீட்டு டீச்சரிடம் காட்டினோம். பத்து வருஷம் கட்ட வேண்டிய பாலிசி அது. ஒரு வருஷத்தோடு நிறுத்தினால் ஒரு பைசா திரும்ப வராது. பாலிசி கைக்கு வந்த 15 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்திருக்கலாம். அதுவும் அதிலேயே அச்சடித்திருந்தது. யார் படித்தோம்?

வங்கிக்கு ஓடினோம். அந்தப் பையன் தலையைக் குனிந்தபடி, "எனக்கும் டார்கெட் இருக்கும்மா" என்றார். வீட்டில் அண்ணனோ, "நீ கூடத்தானே போனே?" என்று என்னைக் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை.

கம்பெனிக்கு எழுதினோம். 'கையெழுத்து உங்களுடையதுதானே' என்று பதில் வந்தது. பிறகு சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு மனுப் போட்டோம். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். எட்டு மாதம் அலைந்து, அசல் மட்டும் திரும்ப வந்தது. எல்லோருக்கும் இப்படி வந்து விடும் என்று சொல்ல முடியாது.

அந்தப் பையனை மட்டும் திட்டி என்ன பயன்? கமிஷன் வாங்குவது தப்பில்லை. காய்கறிக்காரர் லாபம் வைத்துத்தான் விற்கிறார். அது நமக்கும் தெரியும். ஆனால், 'உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்' என்று ஆலோசனை மாதிரிச் சொல்லி, தன் லாபத்தை மறைத்து விற்கிறார்களே, அதுதான் அநியாயம்.

முதலீட்டு ஆலோசகர்களுக்கென்று 2013லேயே செபி விதிமுறை கொண்டு வந்தது. ஆலோசகர் பதிவு பெற்றிருக்க வேண்டும்; வாடிக்கையாளர் நலனைத்தான் முதலில் பார்க்க வேண்டும்; தனக்கு எதிலாவது ஆதாயம் இருந்தால் வெளிப்படையாகச் சொல்லி விட வேண்டும். ஒரே ஆளிடம் ஆலோசனைக்கு ஃபீஸும் வாங்கி, விற்பனைக்குக் கமிஷனும் வாங்கக் கூடாது என்று 2020ல் மேலும் இறுக்கினார்கள். நல்ல விதிதான். ஆனால், நம்மில் எத்தனை பேர் அப்படிப்பட்ட ஆலோசகரைத் தேடிப் போகிறோம்? நமக்கு யோசனை சொல்பவர் வங்கியில் இருப்பவர். இல்லையென்றால் ஏஜென்டாக இருக்கும் சொந்தக்காரர். அவர்களும் இதே நியாயப்படி நடக்க வேண்டாமா?

'வேண்டாம்' என்று பாலிசியைத் திருப்பும் கெடு 2024 முதல் 30 நாள் ஆகியிருக்கிறது. ஒரு வருஷத்தோடு நிறுத்தினாலும் ஓரளவு பணம் கிடைக்க வேண்டும் என்று 2024 அக்டோபரில் புது விதியும் வந்திருக்கிறது. சந்தோஷம். இதோடு, பென்ஷன்காரர்களிடமும், கணவரை இழந்த பெண்களிடமும் அன்றைக்கே கையெழுத்து வாங்காமல், தாளைத் தமிழில் கொடுத்து, 'வீட்டில் கலந்து பேசிட்டு வாங்கம்மா' என்று அனுப்ப வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அது வரை நாம்தான் கேட்க வேண்டும். நான் இப்போது நாலு கேள்வி கேட்கிறேன். எத்தனை வருஷம், மொத்தம் எவ்வளவு கட்டணும்? நடுவில் நிறுத்தினால் கைக்கு என்ன வரும்? இதை விற்றால் உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும்? நீங்கள் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா? முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரை நம்பலாம். சுளித்தால், பையை எடுத்துக் கொண்டு எழுந்து வந்து விடுங்கள்.

கால் கிலோ கத்தரிக்காய் வாங்க, சொத்தை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறோம். ஆயுள் சேமிப்பைக் கொடுக்கும்போது நாலு கேள்வி கேட்க நமக்கு என்ன வெட்கம், சகோதரிகளே?

- ஒரு வாசகி, கும்பகோணம்.