ஆக்சிமீட்டர் வாங்கிட்டீங்க, சுகர் பார்த்தீங்களா?



2021 மே மாசம் முழுக்க நம்ம ஐடி விங் மீம் போடல, ஹேஷ்டேக் டிரெண்ட் பண்ணல. பெட், ஆக்சிஜன், ரத்தம், சாப்பாடு, இதுக்கு மட்டும்தான் போனும் லேப்டாப்பும் ஓடிட்டு இருந்துச்சு. அந்த வேலையில நான் பண்ணின ஒரு தப்பைச் சொல்லித்தான் இந்தப் பதிவைத் தொடங்கணும்.

அந்த மாசம் ஒரு நாள் ராத்திரி 11 மணி இருக்கும். ஒரு தங்கச்சி போன் பண்ணாங்க. "அண்ணா, அப்பாவுக்கு பாசிட்டிவ் வந்து எட்டு நாள் ஆச்சு. ஆக்சிஜன் 96 காட்டுது. ஆனா வேக வேகமா மூச்சு வாங்குறாரு, வாந்தி எடுக்குறாரு, ஓயாம தண்ணி கேக்குறாரு."

96 இருக்கே, அவசரம் இல்லைன்னு நான் ஷீட்டுல எழுதிட்டேன். மருத்துவர் அணித் தோழர் ஒருத்தர் அந்த வரியைப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "சுகர் எவ்வளவு?"

திரும்பக் கூப்பிட்டுக் கேட்டேன். யாரும் பார்க்கல. பக்கத்து வீட்டுல குளுக்கோமீட்டர் வாங்கிப் பார்த்தா, நம்பரே வரல. 'ஹை'ன்னு மட்டும் காட்டுச்சு. மெஷின் அளக்கிற எல்லையையே தாண்டிடுச்சுன்னு அர்த்தம். ஆறு வருஷமா சுகர் மாத்திரை போடுறவர். சாப்பாடு இறங்கலன்னு மாத்திரையை நிறுத்திட்டாங்க. போதாததுக்கு, வாட்ஸ்அப்பில் வந்த ஒரு மருந்துச் சீட்டைப் பார்த்து இரண்டாம் நாள்ல இருந்தே ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருக்காங்க. 108-ஐக் கூப்பிட்டு அட்மிட் பண்ணோம். இன்சுலின் ஏத்தினாங்க. பிறகு தேறிட்டு வந்தார்.

நாங்க தகவல் வாங்கின அந்த கூகுள் ஃபார்மை டிசைன் பண்ணது நான்தான். அதுல 14 கேள்வி. ஆக்சிஜன் அளவு, சிடி ஸ்கோர், ஆதார் நம்பர் எல்லாம் இருந்துச்சு. சுகருக்கு ஒரு கட்டம் இல்லை. இன்ஜினியரிங் படிச்ச எனக்கு அது தோணவே இல்லை. அன்னிக்கு ராத்திரியே சேர்த்துட்டேன். உங்க வீட்டிலயும் அந்தக் கட்டம் விட்டுப்போயிருக்கலாம், அதனாலதான் இதை எழுதுறேன்.

சுகர் இருந்தா கொரோனா சீக்கிரம் தொத்துமா?

பிரச்சினை அங்கே இல்லை. தொத்தின பிறகு நோய் முத்துறதுலதான் இருக்கு. 2020-ல் முதல் அலையில், இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் கொரோனாவால் இறந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் சர்க்கரை நோயாளி. வயசு, மற்ற நோய்கள் எல்லாத்தையும் கழிச்சுக் கணக்குப் போட்டும் ஆபத்து அதிகமாகவே இருந்தது.

ஆனா இதே கணக்குல ஒரு நல்ல செய்தியும் இருக்கு. சீனாவின் ஹூபே மாகாணத்தில் 7,337 கொரோனா நோயாளிகளை ஆராய்ந்து 2020-ல் ஒரு அறிக்கை வந்தது. அதில் 952 பேருக்கு சுகர். அவங்கள்ல, சிகிச்சை நாட்களில் ரத்த சர்க்கரை 70-க்கும் 180-க்கும் நடுவே கட்டுக்குள் இருந்தவர்களில் இறந்தவர்கள் 1.1 சதவீதம். கட்டுக்குள் இல்லாதவர்களில் 11 சதவீதம். இது ஒன்றை மட்டும் வச்சு 'சுகர் குறைஞ்சதாலதான் பிழைச்சாங்க'ன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. நோய் முத்தினாலும் சுகர் ஏறும். ஆனா எதைக் கண்காணிக்கணும்னு இதைவிடத் தெளிவா யார் சொல்ல முடியும்?

உள்ளே என்ன நடக்குது?

காய்ச்சல் வந்தா உடம்பு கார்டிசால், அட்ரினலின் மாதிரி ஹார்மோன்களைச் சுரக்கும். அது கல்லீரல்ல இருக்கிற சர்க்கரையை ரத்தத்துக்குத் தள்ளும். இன்சுலின் சரியா வேலை செய்யாது. அப்படி ஏறின சுகர், கிருமியோடு சண்டை போடுற வெள்ளை அணுக்களை மந்தமாக்கும். ரத்தக் குழாய்களின் உள்சுவரைப் புண்ணாக்கும், ரத்தம் உறையுற போக்கையும் கூட்டும். கொரோனாவும் இதே குழாய்களைத்தான் தாக்குது. தொற்று சுகரை ஏத்தும், சுகர் தொற்றை ஏத்தும். வெளியே இருந்து யாராவது நிறுத்தினாத்தான் இந்தச் சுழல் நிக்கும்.

இன்சுலின் ரொம்பக் குறைஞ்சா உடம்பு கொழுப்பை எரிச்சு, ரத்தத்துல அமிலம் சேரும். அதை வெளியேத்தத்தான் மூச்சு வேகமாகும். நுரையீரல் ஓரளவு நல்லா இருக்கிறதால ஆக்சிமீட்டர் 96, 97-ன்னு காட்டும். அந்தத் தங்கச்சியோட அப்பாவுக்கு நடந்தது இதுதான்.

ஸ்டீராய்டு நல்லதா கெட்டதா?

சரியான ஆளுக்கு, சரியான நாள்ல உயிர் காக்கும் மருந்து. 2020 ஜூனில் முடிவு வெளியான பிரிட்டனின் ரெகவரி ஆய்வில், டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம், 10 நாள் வரை கொடுத்தார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜனில் இருந்தவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு. ஆனா ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பலனும் இல்லை. அப்போ காய்ச்சல் வந்த ரெண்டாம் நாளே வீட்டில் முழுங்குறது எதுக்கு? பலன் இல்லை, சுகர் மட்டும் எகிறும்.

இன்னொரு விஷயம். காலையில ஸ்டீராய்டு எடுத்தா, சுகர் பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேலதான் ஏறும். வெறும் வயித்துல மட்டும் பார்த்துட்டு 'நார்மல்'னு நிம்மதியா இருக்காதீங்க. சாப்பிட்ட பிறகும், ராத்திரியும் பார்க்கணும்.

கருப்புப் பூஞ்சையும் இந்த வழியாத்தான் வருது. கட்டுக்குள் இல்லாத சுகர், தேவைக்கு மேல ஸ்டீராய்டு, இது ரெண்டும் அதுக்கு விரிச்சு வச்ச பாய். 2021 மே 20-ம் தேதி தமிழ்நாடு அரசே இதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கிடுச்சு. கொரோனா குணமாகி வீட்டுக்கு வந்த பிறகு முகத்தில் ஒரு பக்கம் வலி அல்லது மரத்துப்போதல், மூக்கில் கருப்பா வடிதல், கண் வீக்கம், பார்வை ரெண்டாத் தெரிதல், பல் ஆடுதல், இதில் எது வந்தாலும் அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

"எனக்கு சுகரே இல்லையே" என்பவர்களுக்கு

2011-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 10.4 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய். நாட்டில் சுகர் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, தனக்கு இருக்கிறதே தெரியாது. அதனால 'இல்லை'ன்னு சொல்லாதீங்க, 'பார்த்ததில்லை'ன்னு சொல்லுங்க. முன்னாடி இல்லாதவங்களுக்கும் தொற்றும் ஸ்டீராய்டும் சேர்ந்து சுகரை ஏத்தலாம்.

வீட்டில் என்ன செய்யணும்?

1. பாசிட்டிவ் வந்த அன்னிக்கே, வயசு எதுவானாலும் ஒரு தடவை சுகர் பாருங்க. ஏற்கெனவே சுகர் இருந்தாலோ, டாக்டர் ஸ்டீராய்டு கொடுத்திருந்தாலோ தினமும் எத்தனை தடவைன்னு அவரையே கேட்டு, ஒரு நோட்டுல நேரத்தோட எழுதி வைங்க.

2. சாப்பிட முடியலன்னு மாத்திரையையோ இன்சுலினையோ நீங்களா நிறுத்தாதீங்க, நீங்களா கூட்டாதீங்க. டாக்டருக்குப் போன் போடுங்க. 70-க்குக் கீழ போனா உடனே சர்க்கரைத் தண்ணி கொடுத்துட்டு டாக்டரைக் கூப்பிடுங்க.

3. "இன்சுலின் ஆரம்பிச்சா வாழ்நாள் முழுக்கப் போடணும்"னு பயந்து ஆஸ்பத்திரியில மறுக்காதீங்க. தொற்று தணிஞ்ச பிறகு பலர் பழைய மாத்திரைக்கே திரும்பிடுறாங்க.

4. தெம்புக்குன்னு குளுக்கோஸ் பவுடர், பழ ஜூஸ், தேன் போட்ட கஷாயம் வேண்டாம். நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். முட்டை, சுண்டல், மோர், காய்கறி கொடுங்க.

5. வேகமான மூச்சு, வாந்தி, அடங்காத தாகம், குழப்பமான பேச்சு இருந்தா ஆக்சிமீட்டர் நம்பரைப் பார்த்து ஏமாறாதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க. சந்தேகம் கேட்க 104 இருக்கு.

6. சுகர் இருக்குன்னு தடுப்பூசியைத் தள்ளிப் போடாதீங்க. முதல்ல போட வேண்டியவங்களே நீங்கதான்.

அரசுக்கு நம் கோரிக்கை

இதில் அரசியல் பண்ண நாங்க வரல. 2021 மே மாசம் நாங்க கேட்டது மூணே விஷயம். கொரோனா சிகிச்சை மையங்கள் எல்லாத்திலும் உள்ளே வரும்போதே சுகர் பார்க்கணும். டிஸ்சார்ஜ் சீட்டில் சுகர் அளவும், அடுத்து எப்போ பார்க்கணும் என்பதும் எழுதித் தரணும். அந்த முழு ஊரடங்கில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து மாதாமாதம் மாத்திரையும் இன்சுலினும் வாங்குற ஏழைகளுக்கு அது வீட்டுக்கே போய்ச் சேரணும். தெருவுக்குத் தெரு காய்கறி வண்டி அனுப்ப முடிஞ்சுது. மாத்திரையும் அனுப்ப முடிஞ்சிருக்கும்.

தோழர்களே, நம்மகிட்ட கிளை கிளையா ஆள் இருக்கு. பெரும்பாலான கிளைகள் ஆக்சிமீட்டர் வாங்கி வச்சிருக்கீங்க. அதோட ஒரு குளுக்கோமீட்டரும் ரெண்டு டப்பா ஸ்ட்ரிப்பும் வாங்கி வைங்க. ஊசியை மட்டும் ஒருத்தருக்குப் போட்டதை இன்னொருத்தருக்குப் பயன்படுத்தாதீங்க. உதவி கேட்டு யார் போன் பண்ணாலும் ஆக்சிஜன் அளவு கேட்ட கையோட அடுத்த கேள்வியைக் கேளுங்க: "சுகர் எவ்வளவு?"

அந்தக் கேள்வியை நான் முதல்ல கேட்கல. நீங்க கேளுங்க.

உங்க தெரு வாட்ஸ்அப் குரூப்புக்கு இதை அனுப்புங்க.

#சுகரையும்_பாருங்க